ஏற்றியவரே இறக்கவும் வேண்டும்



மஃரிபுக்குப் பின் மதரஸா மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கு விண்மீன்களைக் காட்டுவது என் வழக்கம். கிப்லாவையும் தொழுகை நேரத்தையும் நம் முன்னோர் வானத்தைப் பார்த்தே கணித்தனர் என்பதை ஏட்டைவிட வானமே நன்கு கற்பிக்கும். கேளம்பாக்கத்தின் ஐ.டி. கட்டட வெளிச்சத்தை மீறித் தெரிபவை சிலவே. அவற்றினிடையே நகரும் புள்ளிகளைக் காட்டி, "ஹஜ்ரத், அது என்ன?" என்றே பிள்ளைகள் இப்போது முதலில் கேட்கின்றனர்.

அவற்றுள் பல இணையச் செயற்கைக்கோள்கள். ஸ்டார்லிங்க் மட்டுமே ஏழாயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் ஏறத்தாழ 550 கி.மீ. அல்லது அதற்கும் தாழ்வான உயரத்தில் சுற்றுகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022 அக்டோபர் 23 அன்றும், நோன்பு தொடங்கிய மூன்றாம் நாளான 2023 மார்ச் 26 அன்றும், தலா 36 ஒன்வெப் செயற்கைக்கோள்களை இஸ்ரோ ஏற்றியது. நடுக்கடலில் நிற்கும் படகுக்கும் மலைக்கிராமத்துக்கும் இணையம் கிடைப்பது நன்மையே. அதை மறுப்பது நன்றிகேடு.

ஆயினும் அதற்கொரு விலையுண்டு. தரையில் பொழுது சாய்ந்த பின்னும் அவ்வுயரத்தில் வெயில் இருப்பதால் அவை மின்னுகின்றன. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி போன்றவை மங்கிய ஒளியை நெடுநேரம் சேர்த்தே படமெடுக்கின்றன. இடையே ஒரு செயற்கைக்கோள் கடந்தால் படத்தின் குறுக்கே வெண்கோடு விழும். மஃரிபை ஒட்டியும் சுபுஹுக்கு முன்பும் இத்தொல்லை மிகுதி. சூரியனுக்கு அருகே திரியும் விண்கற்களைத் தேடுவதும் அந்நேரங்களில்தான்.

உயரத்திலும் ஒரு சிக்கல் உள்ளது. 550 கி.மீ.யில் பழுதானது சில ஆண்டுகளில் தானே விழுந்து எரியும். ஒன்வெப் சுற்றும் 1200 கி.மீ.யில் பழுதானதோ நூற்றாண்டுகள் அங்கேயே கிடக்கும். உயரே இருப்பது இருட்டிய பின்பும் நெடுநேரம் ஒளிரும்.

விழுவதிலும் அச்சமுண்டு. 1979 ஜூலையில் ஸ்கைலாப் விழுமென நம் ஊர்களெல்லாம் நடுங்கியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வர். அதன் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் விழுந்தன.

இவ்விடத்தில் இஸ்ரோ செய்த ஒரு செயல் என்னைக் கவர்ந்தது. பிரான்சுடன் சேர்ந்து 2011 அக்டோபரில் ஏவிய மேகா டிராபிக்ஸ், ஏறத்தாழ 1000 கிலோ எடை. மூன்றாண்டுகளுக்கென்று செய்தது பத்தாண்டு உழைத்தது. விட்டிருந்தால் நூறாண்டுக்கு மேல் சுற்றியிருக்கும். கட்டுப்படுத்தி இறக்குவதற்கென அதை வடிவமைக்கவும் இல்லை. எனினும் மீந்திருந்த 125 கிலோ எரிபொருளைக் கொண்டு படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7 அன்று ஆளில்லாப் பசிபிக் பரப்பின் மேலே எரியவிட்டனர். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதை ஈமானின் கிளையாகக் கற்பிக்கும் எனக்கு, வானப் பாதையும் பாதையாகவே படுகிறது. ஏற்றுவதைக் காணக் கூட்டம் கூடுகிறது. இறக்குவதை எவரும் பேசுவதில்லை.

2030க்குள் இந்தியாவின் விண்பயணங்கள் அனைத்தும் குப்பை விடாதவையாக அமைய வேண்டுமென்று 2024 ஏப்ரலில் இஸ்ரோ அறிவித்தது. அவ்விலக்கு தனியார் நிறுவனங்களுக்கும் உரியது.