விடிய விடியக் கூத்துக்கு ஒரு பெட்டி

கவுண்டர் கண்ணாடியின் மேல் விரித்திருந்த தாளில் பத்து வரிகள். முதல் வரி ஐ7 பிராசஸர். அடுத்து 32 ஜிபி ராம். மூன்றாவது, ஒரு பக்கம் கண்ணாடி பதித்து உள்ளே கலர் விளக்கு எரியும் கேபினெட். ஹார்ட் டிஸ்க் எட்டாவது வரியில் இருந்தது. ‘8 டிபி’ என்று அளவு மட்டும் போட்டு, எந்த வகை என்று எழுதாமல். கடைக்காரர் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார், கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தார். விலை எதுவும் சொல்லவில்லை.

“கேம் ஆடறதுக்காம்மா?”

“இல்லண்ணா, வீட்டுக்கு ஒரு நாஸ். நானே அசெம்பிள் பண்ணலாம்னு. இதான் முதல் தடவை.”

“சரி. உள்ள என்ன வைக்கப் போறீங்க?”

ரிச்சி தெருவின் சனிக்கிழமை மதியம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஸ்பீக்கர் கடைகளின் சத்தம் நெஞ்சில் இடிக்கும். அதைத் தாண்டி, சிசிடிவி கேமரா, கேபிள் சுருள், செகண்ட்ஸ் லேப்டாப் என்று நெருக்கியடித்து நடந்தால் இந்த மாதிரிக் கடைகள் வரும். என் லேப்டாப்புக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒரு ஸ்டூல் கிடைத்தது.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையின் நாடா இன்னும் தொங்கியது. கடைக்காரரின் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தார். பெரியவர் மஞ்சப்பையைக் கவுண்டர்மேல் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். நாளிதழில் சுற்றிய எக்ஸ்டர்னல் டிஸ்க் மூன்று. நான்கைந்து மினி டிவி (MiniDV) வீடியோ டேப். ஒரு கேசட். அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு.

“எல்லாம் கூத்துங்க. செய்யாறு பக்கம் வாத்தியாரா இருந்தேன். பங்குனி, சித்திரையில திரௌபதி அம்மன் கோயில்ல விடிய விடிய ஆடுவாங்க. டேப் ரெக்கார்டரத் தூக்கிட்டுப் போயி உக்காந்துடுவேன்.”

கடைக்காரர் தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார். நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி, கட்ட வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியதைத்தான் அவர் கேட்டிருந்தார். எவ்வளவு காசு இருக்கிறது என்பது அதற்குப் பிறகு.

கணக்கு தொடங்கியது. பெரியவர் நோட்டைப் பார்த்துச் சொல்ல, மகள் போனில் பெருக்கினார். தொண்ணூறு நிமிட கேசட் ஒன்றைச் சுருக்காமல் முழுத்தரத்தில் ஏற்றினால் ஏறக்குறைய 1 ஜிபி. கேசட் முந்நூறு. மினி டிவி டேப் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி, அது அறுபது. வீட்டுப் போட்டோக்கள், பேரப்பிள்ளைகள் வீடியோ எல்லாம் சேர்த்தும் ஒன்றரை டிபியைத் தாண்டவில்லை. 8 டிபி என்று எழுதியது எதற்கு என்று மகளே கேட்டுக்கொண்டார். 4 டிபி டிஸ்க் இரண்டு, ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும்படி. பல வருஷத்துக்குக் காணும். 4 டிபி என்று அட்டையில் போட்டாலும் கம்ப்யூட்டர் 3.64 என்றுதான் காட்டும் என்று கடைப்பையன் முன்கூட்டியே சொல்லிவைத்தான். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1024, 1024 ஆக எண்ணுகிறது. பின்னால் வந்து சண்டை பிடிப்பவர்களைப் பார்த்துச் சலித்த குரல் அது.

பிராசஸருக்கு அதிக நேரம் ஆகவில்லை. வீட்டு ரூட்டரிலிருந்து வரும் ஜிகாபிட் ஒயரில் நொடிக்கு 110 எம்பி போனால் பெரிது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே அதைவிட வேகமாகப் படிக்கும். அதற்குமேல் பிராசஸர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒயருக்காகக் காத்துத்தான் கிடக்க வேண்டும். என்100 போர்டு போடலாமா என்று மகள் கேட்டார். மின்சாரம் மிகக் குறைவாகத் தின்னும் சின்ன போர்டு. கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் டிஸ்க் சொருகும் சாட்டா வாய் ஒன்றே ஒன்று. இரண்டு டிஸ்க்குக்கு அது ஆகாது. வாங்கும்முன் வாயை எண்ணுங்கள் என்றார். முதல் முறை கட்டுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கடைசியில் மேலே பரணிலிருந்து இறங்கியது ஒரு செகண்ட்ஸ் ஆபீஸ் டவர். எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம். டிஸ்க் இரண்டு உட்கார இடம், சிஸ்டத்துக்கு மட்டும் ஒரு சின்ன எஸ்எஸ்டி சொருக எம்.2 வாய். மகளின் முகம் சுருங்கியது. சாம்பல் படிந்த கறுப்புத் தகரப் பெட்டி. கண்ணாடியும் இல்லை, விளக்கும் இல்லை. கடைக்காரர் வற்புறுத்தவில்லை. மூடியைத் திறந்து, மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸைக் காட்டினார்: இந்தக் கம்பெனிப் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் வடிவமே தனி, கெட்டால் அதே மாடல்தான் தேட வேண்டும். சாட்டா பவர் ஒயர் போதவில்லை என்று யாராவது பிளாஸ்டிக்கில் வார்த்த மலிவு ஸ்ப்ளிட்டர் கொடுத்தால் வாங்காதீர்கள், உள்ளே ஒயர் நெருங்கிச் சூடேறி எரிந்திருக்கிறது. விற்கிற பொருளின் குறையைத் தானே எடுத்துச் சொல்லும் வியாபாரியைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை தானாக வருகிறது.

“கரண்ட் எவ்ளோ இழுக்கும்?” இது பெரியவர்.

“டிஸ்க்கோட சேத்து ஒரு நாப்பது வாட்னு வெச்சுக்குங்க சார்.”

அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வாத்தியார் கையெழுத்தில் போட்டார். நாற்பது வாட், இருபத்துநான்கு மணி நேரம்: நாளுக்கு 0.96 யூனிட். இரண்டு மாதத்துக்கு 58. அப்போது தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பாதிக்கு மேல் இந்தப் பெட்டிக்கே போகும். கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “போவட்டும்” என்று நோட்டை மூடினார்.

அதன் பிறகுதான் டிஸ்க்.

பையன் முதலில் கொண்டுவந்தது பர்ப்பிள். இந்தத் தெருவில் சிசிடிவி வியாபாரம் பெரிது. எந்தக் கடையிலும் கைக்கு முதலில் வருவது அதுதான். மகள் தலையசைத்தார். அது கேமராப் படத்தை இடைவிடாமல் எழுதிக்கொண்டே போவதற்குச் செய்தது. அடுத்து ஒரு டெஸ்க்டாப் டிஸ்க், விலையும் குறைவு. அவர் போனை எடுத்து மாடல் நம்பரைத் தேடினார். “இது எஸ்எம்ஆர்ண்ணா. வேணாம்.”

இதைச் சற்று விளக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரை ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத அடுத்திருப்பவற்றையும் எழுத வேண்டும். ஒரு டிஸ்க் செத்து, புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் மறுபடி நிரப்பும் நாளில்தான் இது கழுத்தைப் பிடிக்கும். மணிக்கணக்கில் முடிய வேண்டியது நாள்கணக்கில் இழுக்கும், சில நேரம் பாதியில் நின்றும் போகும். தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகையில் இந்தத் தொல்லை இல்லை. நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. அட்டையில் அது போடப்படவில்லை. வாங்கியவர்கள் கொந்தளித்த பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. அந்த ஒரு சொல்லுக்காக இந்தப் பெண் மாடல் நம்பரின் கடைசி எழுத்துவரை பார்க்கிறார். பார்க்கத்தான் வேண்டும்.

“புதுசு வேணுமா, பல்க் பீஸ் இருக்கு, பாதி விலை” என்றான் பையன். டேட்டா சென்டரில் கழற்றியது. கடைக்காரர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் நிறுத்திக்கொண்டான். “முதல் பெட்டிக்கு வேணாம்மா. ஓடின மணிக் கணக்க மாத்தி வெச்சிருப்பாங்க.” அது வெறும் பயமுறுத்தல் கிடையாது. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் புதிதென்று விற்ற சீகேட் டிஸ்க்குகள் பல, ஏற்கெனவே 10,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியவை என்று கண்டுபிடித்தார்கள். சாதாரணமாகப் பார்க்கும் கணக்கில் பூஜ்யம்; உள்ளே ஃபார்ம் என்ற இன்னொரு பதிவில்தான் உண்மை இருந்தது.

சீல் பிரிக்காத இரண்டு நாஸ் டிஸ்க்குகள் வந்தன. மகள் தேதியைப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதம், அடுத்தடுத்த சீரியல் நம்பர். ஒன்றை மாற்றித் தரச் சொன்னார். ஒரே தொகுப்பில் பிறந்தவை ஒரே குறையோடு ஒரே காலத்தில் போகலாம். பையன் முணுமுணுத்துக்கொண்டே குடோனுக்கு ஓடினான். அவன் திரும்பும்வரை கடையில் பேச்சு இல்லை. பெரியவர் கேசட்டைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். ‘பதினெட்டாம் போர்’ என்று நீல மையில் எழுதியிருந்தது. உள்ளே டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை.

“இனிமே இந்தப் பழைய டிஸ்க்கெல்லாம் வேணாமில்லம்மா? அதான் ரெண்டுலயும் இருக்கே.”

“அப்படி இல்லப்பா. நீங்க தெரியாம ஒண்ண அழிச்சீங்கன்னா ரெண்டுலயும் சேந்தே அழியும். ஒரு டிஸ்க் செத்தா இன்னொண்ணு நிக்கும், அவ்ளோதான்.”

“வீடு எங்கம்மா?” என்றார் கடைக்காரர்.

“வேளச்சேரி.”

“எத்தனாவது மாடி?”

“கிரவுண்ட் ஃப்ளோர்.”

பில் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு இதே கவுண்டருக்கு வந்தவர்களைப் பற்றி அவர் சொன்னார். சேறு அப்பிய சிபியூவைச் சாக்கில் கட்டித் தூக்கி வந்தார்கள். ஒருவர் டிஸ்க்கை அரிசிப் பானையில் போட்டு எடுத்து வந்திருந்தார். இன்னொருவர் வீட்டில் கல்யாண ஆல்பமும் நனைந்து, அதை ஸ்கேன் பண்ணி வைத்த கம்ப்யூட்டரும் அதே ஹாலில் மூழ்கியிருந்தது. “ரெண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியிலதானம்மா இருக்கு.”

மகள் தாளை இழுத்துத் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: எக்ஸ்டர்னல் 4 டிபி, ஒன்று. செய்யாறில் சித்தப்பா வீட்டு மாடி பீரோவுக்கு. அதற்குக் கீழே யூபிஎஸ், பேட்டரி தீரும்முன் யூஎஸ்பி ஒயர் வழியே பெட்டியை ஒழுங்காக அணைக்கச் சொல்லும் வகை. சிஸ்டத்துக்கு ட்ரூநாஸ் என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார். அதில் உள்ள இசட்எஃப்எஸ், ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் எழுதி வைக்கும். ஒரு டிஸ்க்கில் சத்தமில்லாமல் பிழை ஏறியிருந்தால் படிக்கும்போது கண்டுபிடித்து மற்றதிலிருந்து திருத்தும். வருஷக்கணக்கில் யாரும் திறக்காமல் கிடக்கப்போகும் ஒலிப்பதிவுக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை. பிழை திருத்தும் இசிசி ராம் இந்த டவரில் போட முடியாது என்பதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் குறை. வீட்டுக்கு, முதல் பெட்டிக்கு, அது பரவாயில்லை என்பதே என் எண்ணமும்.

மிச்சம் இருந்தது அந்தப் பழைய மூன்று டிஸ்க். வேலை செய்கிறதா என்று பார்க்கப் பையன் ஒவ்வொன்றாகச் சொருகினான். இரண்டு திறந்தன. மூன்றாவது டிக், டிக் என்றது. கடைக்காரர் எட்டி ஒயரை உருவினார். “இத இனிமே சொருகாதீங்க. ஒவ்வொரு தடவை சொருகும்போதும் இன்னும் கீறும்.”

பெரியவர் நோட்டைத் திறந்தார். எந்த இரவு, எந்த ஊர், யார் வேஷம், யார் முகவீணை, எந்த டிஸ்க் என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டு எழுதியிருந்தார். விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனார். மூன்றாவது டிஸ்க்கில் இருந்ததில் பெரும்பாலானவை மற்ற இரண்டிலும் இருந்தன. மூன்று இரவுகள் மட்டும் வேறெந்த டிஸ்க்கிலும் இல்லை. அதில் ஒன்றின் மூல கேசட்தான் கையில் இருந்த பூஞ்சை பிடித்தது.

“கட்டியங்காரன் குரல் இதுலதான் இருக்கு. அவரு போயிட்டாரு.”

டேட்டா ரெகவரிக்கு எவ்வளவு ஆகும் என்று மகள் கேட்டார். கடைக்காரர் சொன்ன தொகை பெட்டி மொத்தத்தையும்விட அதிகம். மீளும் என்று உறுதியும் கிடையாது. மகள் தாளைப் பார்த்தார். ஐ7-ஐ, 32 ஜிபியை, கண்ணாடி கேபினெட்டை அடித்தார். அதில் மிஞ்சிய காசு ரெகவரியின் பெரும்பகுதிக்கு வந்தது. மீதியைத் தான் போடுவதாகச் சொன்னார். அப்பா ஏதோ மறுக்க வாயெடுத்தார். “அந்தக் குரல கடையில வாங்க முடியாதுப்பா” என்றார் மகள்.

பில் போட்டார்கள். பாதிக்கு மேல் டிஸ்க்குகளுக்கே போனது. செய்யாறு டிஸ்க்கைத் தனியே ஒரு கவரில் போடச் சொன்னார் பெரியவர்.

“அதுல எல்லாம் சரியா ஏறியிருக்கான்னு எப்படித் தெரியும்?”

“போட்டுக் கேக்கணும்ப்பா. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு கூத்த அதுலேர்ந்து போட்டுக் கேளுங்க.”

முதல் பெட்டி கட்டப்போகிறவர்களுக்கு நானும் இதையே சொல்வேன். வெளியூரில் வைக்கும் பிரதிக்கான காசை முதலிலேயே எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அதைச் சொருகி, அதிலிருந்து ஒரு பதிவைத் திறந்து, கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள்.