இரு திரைகளும் ஒரு திணறலும்

கணிப்பொறி திணறினால் உலகத்தில் எல்லோரும் வைத்தியராகிவிடுகிறார்கள். தலைவலிக்காரனுக்குச் சுக்கும் மிளகும் சொல்ல நாலு பாட்டிமார் இருப்பதுபோல, “கேம் ஆடும்போது வீடியோ தடுமாறுகிறது” என்று ஒருவன் வாய் திறந்தால் போதும். விடுதியின் எல்லாத் தாழ்வாரங்களிலிருந்தும் மருந்துச்சீட்டு வந்து குவிந்துவிடும். “ராம் போதாது” என்பார் ஒருவர். “வைரஸாக இருக்கும்” என்பார் இன்னொருவர். “எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடு” என்பார் மூன்றாமவர். நான்காமவர் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். அவரிடம் விலை கூடிய கணிப்பொறி இருக்கிறது என்று அதற்குப் பொருள்!

இந்த வைத்தியங்களையெல்லாம் ஒருங்கே பெற்றவர் என் பக்கத்து அறைத் தம்பி. சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. தில்லிக்கு வந்த முதலாண்டு முதல் மாலை வேளைகளில் பள்ளிக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, அந்தப் பணத்தில் பகுதி பகுதியாக வாங்கிச் சேர்த்த கணிப்பொறி அவருடையது. அதற்கு இரண்டு திரைகள். ஒன்று புதியது, வினாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிப்பது. மற்றொன்று படிப்பு முடித்துப் போன ஒரு மாணவர் மலிவாகக் கொடுத்துச் சென்றது. வினாடிக்கு 60 முறை.

புதிய திரையில் கேம் ஓடும். பழைய திரையில் கிரிக்கெட். “இரண்டும் ஒரே நேரத்தில் எதற்கு?” என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஊரில் அவருடைய தந்தையார் அதே ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பார். காதில் கைப்பேசி. படிப்பு, பணம், உடம்பு என்ற மூன்றையும் விட்டால் வேறு பேச்சறியாத அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் கிரிக்கெட் ஒன்றே நாலாவது பேச்சு. சும்மா உட்கார்ந்து பேச இருவருக்கும் கூச்சம். கை ஒரு வேலையில் இருந்தால் வாய் தானாகப் பேசும். மகனுக்குக் கையில் கேம். தந்தைக்குக் கையில் வெற்றிலைப் பெட்டி.

இந்த ஏற்பாடுதான் திணறத் தொடங்கியது. கேம் மட்டும் ஓடினால் தடையில்லை. வீடியோ மட்டும் ஓடினாலும் தடையில்லை. இரண்டும் சேர்ந்தால் வந்தது வினை. பந்து வீசுபவர் ஓடி வருவார், நடுவழியில் நிற்பார், அடுத்த கணம் பந்து எல்லைக்கோட்டில் இருக்கும். கேமும் இடையிடையே விக்கும். கடைக்காரர் ஒருவரிடம் கேட்டதற்கு, “கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது, புதிது போட்டால் சரியாகும்” என்று சொல்லி 30,000 ரூபாய்க்குக் கணக்குக் கொடுத்தார். தம்பியிடம் ஏறக்குறைய அவ்வளவு பணம் இருந்தது. ஆனால் அது, ஊரில் நர்ஸிங் படிக்கும் தங்கையின் ஜூன் மாதக் கட்டணத்துக்கென்று ஒதுக்கிய பணம்.

“அண்ணே, இதை எடுத்தா ஜூன்ல என்ன செய்யறதுன்னு தெரியல. எடுக்காட்டி அப்பாகிட்ட பேசற நேரமும் போயிரும்” என்றார்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். “தம்பி, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவோம். மாற்றியதையும், என்ன ஆயிற்று என்பதையும் நோட்டில் எழுதுவோம். அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் கடைக்குப் போகலாம்.” ஐந்து மருந்தை ஒன்றாக விழுங்கிக் காய்ச்சல் நின்றால், எந்த மருந்தால் நின்றது என்று யார் சொல்வது?

முதலில் எதையும் மாற்றாமல் பார்த்தோம். கேமையும் வீடியோவையும் ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மானேஜரைத் திறந்தோம். அதில் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரே வரைபடம் இல்லை; பல உண்டு. படம் வரையும் வேலைக்கு ‘3டி’ என்று ஒன்று. வீடியோவை விரிக்கும் வேலைக்கு ‘வீடியோ டிகோட்’ என்று மற்றொன்று. வலையில் வரும் வீடியோ சுருக்கி மடித்து அனுப்பப்படுவது. அதை விரித்தால்தான் திரையில் காட்டலாம். இதற்கென்றே கார்டுக்குள் தனிப் பகுதி உண்டு. ஆனால் தம்பியின் கணிப்பொறியில் அந்தக் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. 3டி-யின் கோடோ 99 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பிராசஸரும் மூச்சு வாங்கியது.

காரணம் விரைவில் தெரிந்தது. வைத்தியர்களில் எவரோ ஒருவர் சொல்லி, பிரௌசரில் ‘ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்’ என்ற வசதி அணைக்கப்பட்டிருந்தது. ஆகவே வீடியோவை விரிக்கும் சுமை முழுவதும் பிராசஸர் தலையில் விழுந்திருக்கிறது; அதற்கென்று உள்ள வேலையாள் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வசதியைத் திரும்பப் போட்டு, பிரௌசரை மூடித் திறந்தோம். டிகோட் கோடு எழுந்தது, பிராசஸர் ஆறியது. கேமின் விக்கல் பெரும்பாலும் போயிற்று. வீடியோ மட்டும் இன்னும் தடுமாறியது. நோட்டில் எழுதிக்கொண்டோம்.

அடுத்தது, அந்த 99 சதவீதம். கேமில் ஒரு மூலையில் வினாடிக்கு 170 ஃபிரேம் என்று எண் ஓடிற்று. திரை காட்டக்கூடியதோ 144 தான். மிஞ்சியவை யார் கண்ணுக்கும் முழுதாகத் தெரியாமல் வீணாகின்றன. விருந்துக்கு நூறு பேர் வந்திருக்க, நூற்றிருபது இலை போடுவது போன்றது இது. அதற்குள் பாவம், பிரௌசர் வரிசையில் காத்து நிற்கிறது. டிகோட் பகுதி விரித்துத் தந்த படத்தைப் பக்கத்தோடு சேர்த்துத் திரையில் ஒட்டுவதற்கும் 3டி பகுதியின் கை சற்று வேண்டுமே! கேம் அந்தக் கையை விட்டால்தானே? கேமின் அமைப்பில் ஃபிரேமுக்கு 120 என்று வரம்பு கட்டினோம். 99 என்று நின்ற கோடு 70-க்கு அருகில் இறங்கியது. கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் மனிதர்களைப்போல் ஓடத் தொடங்கினார்கள்.

எப்போதோ ஒரு சிறு துடிப்பு மட்டும் மிச்சமிருந்தது. ஒரு திரையின் தாளம் 144, மற்றதன் தாளம் 60. வகுத்தால் 2.4, முழு எண் இல்லை. வெவ்வேறு வேகமுள்ள இரு திரைகளைச் சேர்த்து நடத்துவதில் விண்டோஸ் 10 முன்பு தடுமாறியதுண்டு. 2020 மே மாதப் பதிப்பில் அது பெரிதும் சீராக்கப்பட்டது. ஆயினும் செலவில்லாத சோதனைதானே என்று, புதிய திரையை 120-க்கு இறக்கினோம். 120 என்பது 60-இன் சரியான இரட்டிப்பு. எங்கள் நோட்டின் கடைசி வரி: “துடிப்பு இல்லை.”

இதில் நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. வேகம் வேறு, சீர் வேறு. 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 16.7 மில்லி வினாடி. 144 என்றால் 6.9. இடையில் ஒரே ஒரு ஃபிரேம் 80 மில்லி வினாடி தாமதித்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஆனால் மூலையில் ஓடும் சராசரி எண்ணோ அசையாது. சராசரி ஆழம் முழங்கால் என்று நம்பி ஆற்றில் இறங்கியவன் கதைதான்! கணிப்பொறிக்கு வலிமை போதாமல் இல்லை; அதன் வலிமை முழுவதையும் ஒன்றே விழுங்கியதால்தான் மற்றொன்று பட்டினி கிடந்தது. எய்தவனிருக்க அம்பை நோவதுபோல் நாம் கார்டை நொந்துகொள்கிறோம். கூட்டி அல்ல, குறைத்துச் சரிசெய்தோம்.

எல்லாக் கணிப்பொறிக்கும் இதே மருந்து என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே கார்டு போதாத இடமும் உண்டு. 2018-இல் வந்த ஏவி1 முறையில் சுருக்கிய வீடியோவை விரிக்கும் பகுதி பழைய கார்டுகளில் கிடையாது. அங்கே பிராசஸர்தான் சுமக்க வேண்டும். ஆனால் அளந்து பாராமல் அதை எப்படி அறிவது? ஊரைவிட்டு வந்து, எண்ணி எண்ணிச் செலவு செய்யும் நமக்கு, ஒரு நோட்டும் ஒரு மாலைப் பொழுதும் 30,000 ரூபாயைவிட மலிவு அல்லவா?

ஜூன் மாதக் கட்டணம் ஜூன் மாதத்தில் கட்டப்பட்டது. இனித் தீராத தாமதம் ஒன்றே ஒன்றுதான். வலைவழி வரும் கிரிக்கெட், தொலைக்காட்சியைவிடச் சில வினாடிகள் பிந்தித்தான் வருகிறது. சாத்தூரில் விக்கெட் விழுந்த பிறகே தில்லியில் பந்து வீசப்படுகிறது. அதற்கு எந்தக் கார்டும் உதவாது. அதைத் தந்தையாரே சரிசெய்துவிட்டார். விக்கெட் விழுந்தால் அவர் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மென்றுகொண்டு காத்திருக்கிறாராம். மகன் இங்கே “ஐயோ!” என்று கத்திய பிறகுதான், “பாத்தியாப்பா?” என்று கேட்கிறாராம்.