வகரம் திரும்பிய கதை

சென்ற ஐப்பசி மழையில் கல்லூரிக்குச் செல்லும் வழியில் நம் வண்டி சறுக்கியது. கைகால்கள் சிராய்ப்போடு தப்பின. மேல்வரிசை முன்பற்களில் ஒன்று வேரோடு வெளியே வந்துவிட்டது. அதற்கு இடப்புறம் இருந்த இரண்டும் பாதியில் ஒடிந்தன. விழுந்த பல்லின் வேரைத் தேய்க்காமல் பாலில் இட்டு ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்த்தால் மீண்டும் பொருத்தும் வாய்ப்பு உண்டு என்பதை அன்று அறியோம். சேற்றில் கிடந்ததை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வாசக நண்பர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் கொள்க.

ஒரு வாரம் கழித்து வகுப்பில் தொல்காப்பியப் பிறப்பியல். எழுத்துப் பிறப்புக்குத் துணையாகும் எட்டு உறுப்புகளில் பல்லும் ஒன்று. வகரம் பிறக்க மேற்பல்லும் கீழிதழும் கூட வேண்டும். தகரத்துக்கு நுனிநா பல்லின் அடியில் பரந்து ஒற்ற வேண்டும். கரும்பலகையில் படம் வரைந்து ஆண்டுதோறும் நாம் நடத்திவரும் பாடந்தான். அன்று ‘வ’ என்று சொல்ல முயன்றோம். வெறும் காற்று வந்தது. பின்வரிசையில் ஒரு மாணவன் சிரித்துவிட்டான். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகைக்கு நிலைக்களன்கள் நான்கு என அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே நாம்தாம். அவனை நொந்துகொள்வதில் நியாயமில்லை.

உண்மையைச் சொன்னால், நம் வாய் அந்த மழைக்கு வெகுகாலம் முன்பே பாழ்பட்டிருந்தது. நாம் தர்மபுரி மாவட்டத்துக்காரர். பாறைக்குள் ஆழத் துளைத்த அடிகுழாய் நீரில் ஃபுளோரைடு மிகுதி. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. எங்கள் ஊர்க் குழாய்க்கு அந்த வரையறையை யார் சொல்வது? ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைப் பருவத்தில் அந்நீரைக் குடித்தால் எனாமலில் காவிக்கோடுகள் படிந்துவிடும். பிறகு எந்தப் பற்பொடிக்கும் அவை மசியா. திருமணப் புகைப்படத்தில்கூட நாம் வாய் மூடியே நிற்கிறோம். சிரிப்பு வந்தால் கை தானாக உதட்டுக்குப் போகும். தேய்த்து என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பில் ஈறும் கெட்டது.

தமிழில் ‘முறுவல்’ என்பது சிரிப்பையும் குறிக்கும், பல்லையும் குறிக்கும். நமக்கு இரண்டும் சேர்ந்தே போயின.

முதலில் சென்ற மருத்துவமனையில் மேல்வரிசை முழுவதையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் மாட்டலாம் என்றார்கள். இரண்டாவதாகப் பார்த்தவர், நம் மாணவியர் வயதில் ஓர் இளம் பெண் மருத்துவர். “இருக்குறத எதுக்கு சார் புடுங்கணும்?” என்றார். அந்தக் கேள்விக்காகவே அவரிடம் தங்கிவிட்டோம்.

ஒரே மருத்துவத்தால் முடிகிற காரியமாக அது இல்லை. ஈற்றின் அடியில் படிந்த காரையைச் சுரண்டி அதை ஆற்றியது முதல் வேலை. ஒடிந்த இரண்டுக்கும் வேர்ச் சிகிச்சை செய்து, உள்ளே ஒரு தண்டு நட்டு, அதன்மேல் எழுப்பிக் கட்டினார். காணாமற்போன பல்லுக்குப் பாலம் கட்டலாம். ஆனால் வலப்பக்கத்து நல்ல பல்லை அதற்காகத் தேய்க்க வேண்டும், ஒட்டிவைத்த பற்களும் சுமை தாங்கா என்றார். எனவே டைட்டானியத் திருகு. சுவீடனின் பிரானமார்க் 1952இல் முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது, எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்ததைக் கண்டார். 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதைப் பயன்படுத்தினார். நம் எலும்பு ஏற்றுக்கொள்ள நான்கு மாதம் எடுத்துக்கொண்டது.

அதுவரை கழற்றி மாட்டும் தற்காலிகப் பல். அதன் பிளாஸ்டிக் தகடு அண்ணத்தை மூடியதால் வகரம் வந்தது, ழகரம் போயிற்று! தமிழாசிரியருக்கு வேறு தண்டனை வேண்டுமா?

கடைசியில் நிறம். மற்ற மேற்பற்களின் கறையை மெல்ல உராய்ந்து, மருந்திட்டு வெளுத்த பிறகே உறைகளின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். பதினாறு மாதிரிப் பற்கள் கொண்ட அட்டையை நீட்டினார். மங்கலான ஒன்றைக் காட்டினோம். தூய வெள்ளை நம்முடையதாகத் தோன்றவில்லை. உடன் வந்திருந்த அம்மா, “நல்லா வெள்ளையா வெச்சுக்க கண்ணு” என்றார். சற்று நேரம் கழித்து, மருத்துவரைப் பார்த்து, “அந்தத் தண்ணிய நாந்தானம்மா அடிச்சு அடிச்சுக் குடுத்தேன்” என்றார்.

அம்மாவின் பற்கள் வெண்மையானவை. அவர் சிறுமியாய்க் குடித்தது கிணற்று நீர். நாற்பது ஆண்டுகளாக நம் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. குழாய் போட்டவர்களுக்கே தெரியாத ஒன்று உனக்கு எப்படியம்மா தெரியும் என்றோம். அவர் பதில் சொல்லவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு பிறந்த தங்கை மகளுக்குப் பற்கள் முல்லை அரும்பு.

மங்கலுக்கு ஒருபடி மேலான நிறத்துக்கு உடன்பட்டோம். செலவு இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. உறைகள் பொருத்திய அன்று மாலை, அம்மா விளக்கடியில் நம்மை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“கீழ்ப் பல்லு அப்படியே இருக்குதே?”

“அடுத்த வருசம், அம்மா.”

“எங்கிட்ட ஒரு சோடித் தோடு இருக்குது” என்றார். வேண்டாம் என்றோம். வகரம் தெளிவாகவே ஒலித்தது.