உலைக்கு முன் படிக்க வேண்டிய எழுத்து

பெட்ரோலையும் காற்றையும் உரிய அளவில் கலந்து என்ஜினுக்குள் அனுப்பும் கையடக்கமான உலோகக் கருவியே கார்புரேட்டர். இடையில் ஒடுங்கிய குழாய் ஒன்றின் வழியே காற்று விரையும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம், கீழேயுள்ள கிண்ணத்தில் தேங்கி நிற்கும் பெட்ரோலை, ஜெட் எனப்படும் நுண்துளையிட்ட பித்தளைத் திருகின் வழியே மேலே இழுத்துக்கொள்கிறது. இந்த எளிய இயற்பியலை நம்பியே ஒரு நூற்றாண்டுக் காலம் வண்டிகள் ஓடின. 2020 ஏப்ரல் முதல் நாளன்று இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு பிடித்துக்கொண்டது. ஆகவே பழைய வண்டியை அதன் மூல வடிவிலேயே ஓட்ட விரும்புவோர், ஏற்கெனவே வார்க்கப்பட்டுப் பயன்பட்ட கார்புரேட்டர்களையே பெரும்பாலும் தேட வேண்டியுள்ளது. அவற்றை இனங்கண்டு மதிப்பிடுவது இன்று தனித் திறன் கோரும் தொழிலாகிவிட்டது.

இத்தொழிலை ஆராயத் திருவள்ளூர் மாவட்டம் பொருத்தமான களம். 1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து தோற்றுவித்த என்ஃபீல்டு இந்தியா, புல்லட் மோட்டார் சைக்கிளைத் தயாரித்த திருவொற்றியூர், 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்படும்வரை இம்மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. புல்லட்டின் என்ஜின் காற்றால் குளிர்விக்கப்படுவது, அதாவது தண்ணீர்த் தொட்டியோ ரேடியேட்டரோ இல்லாமல் சிலிண்டரைச் சுற்றி வார்க்கப்பட்ட மெல்லிய இறக்கைகளின் மேல் படும் காற்றிலேயே சூட்டை இறக்கி வைப்பது. அவ்வண்டிகளுள் பல தம் ஆயுள் முடிந்து காயிலாங்கடைகளில் பிரிக்கப்படுகின்றன. பிரித்த உலோகத்தில் ஒரு பங்கு, ஆந்திர எல்லைக்கருகே கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் போன்ற, பழைய உலோகத்தை உருக்கும் ஆலைகள் நிறைந்த இடங்களை நோக்கிச் செல்கிறது. புல்லட் பிறந்த கரைக்கும் அதன் உதிரிகள் உருகும் உலைக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணத் தொலைவுதான்.

பழைய உலோகத்தைத் தரம்பிரிக்கும் களத்தில் கார்புரேட்டர் முதலில் பெயரால் அறியப்படுவதில்லை, எடையால்தான் அறியப்படுகிறது. கார்புரேட்டர் உடல்கள் துத்தநாகக் கலவையிலோ அலுமினியக் கலவையிலோ வார்க்கப்படுபவை. ஒரு கன சென்டிமீட்டர் துத்தநாகம் ஏறத்தாழ 7 கிராமும், அதே அளவு அலுமினியம் 2.7 கிராமும் எடையுள்ளவை என்பதால், பழகிய கை ஒருமுறை தூக்கியதுமே இரண்டையும் வேறுபடுத்திவிடுகிறது. ஐயம் எழுந்தால் அரத்தால் ஓரத்தில் ஒரு கீறல் போட்டு, வெண்மையாக மின்னுகிறதா, நீலம் கலந்த சாம்பல் நிறம் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். இந்தப் பிரிப்பில் தவறு நேர்ந்தால் விளைவு உலையில் தெரியும்: அலுமினிய உருக்கில் துத்தநாகம் அளவுக்கு மீறிக் கலந்தால் அந்தக் கலவை குறித்த தரத்தில் நிற்காது, உள்ளே விடுபட்ட எஃகுச் சுருள்கம்பியும் திருகும் இரும்பு மாசாகச் சேரும். அதனால் தரம்பிரிப்பவர் ஒவ்வொரு கார்புரேட்டரையும் கையில் எடுத்துத் திருப்பி, திருகைக் கழற்றி, பித்தளை ஜெட்டைத் தனியே போட வேண்டியிருக்கிறது. இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. கார்புரேட்டரை இனங்காணத் தேவையான செயல்களில் முக்கால் பங்கை, அதாவது கையிலெடுத்தல், துடைத்தல், திறத்தல் ஆகியவற்றை, அந்தத் தொழிலாளர் ஏற்கெனவே செய்து முடிக்கிறார். உடலின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எழுத்தைப் படிப்பது ஒன்றே எஞ்சுகிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பாரும் இல்லை, படித்ததற்குக் கூலி கொடுப்பாரும் இல்லை.

அந்த எழுத்துகள் சொல்லும் செய்தி சிறிதன்று. வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட 350 சி.சி. புல்லட்டில் மிக்கார்ப் வி.எம். 24 என்னும் கார்புரேட்டரும், 500 சி.சி. வண்டியில் வி.எம். 28 என்பதும் இருந்தன. எண்கள் காற்றுக் குழாயின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிப்பவை. இவ்வகையின் வடிவமைப்பு ஜப்பானின் மிக்குனி நிறுவனத்துடையது. அந்நிறுவனமோ தன் தொடக்க காலத்தில் இங்கிலாந்தின் ஆமல் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுக் கார்புரேட்டர் செய்தது. ஆமல், 1927இல் பர்மிங்ஹாமில் மூன்று கார்புரேட்டர் நிறுவனங்கள் ஒன்றிணைந்து உருவானது. ஆமல் உடலில் சாய்கோட்டுக்கு முன்னுள்ள எண் அதன் வரிசையையும், பின்னுள்ள எண் எந்த வண்டிக்காக அது அளவமைக்கப்பட்டது என்பதையும் காட்டும். என்ஜினும் கியர்பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த பிற்கால யூ.சி.ஈ. வகைப் புல்லட்டில் வந்த பி.எஸ். 29, மெல்லிய ரப்பர் சவ்வின் அசைவால் இயங்குவது. அதன் சவ்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசிமுனைத் துளைகள் உண்டா என்று பார்ப்பது மதிப்பீட்டின் முதல் படி. முற்றிலும் வேறான இந்தப் பொருள்கள் அனைத்தும் குவியலில் ஒரே கறுத்த எண்ணெய்ப் பிசுக்குடன் கிடப்பதால், பெயரறியாத கண்ணுக்கு அவை ஒன்றேபோல் தோன்றுகின்றன.

உடலின் பெயர் தெரிந்தபின் உள்ளுறுப்புகளின் பெயரையும் படிக்க வேண்டும், ஏனெனில் பத்துக் கைகள் மாறிய கார்புரேட்டரில் உடல் ஒரு வண்டியுடையதாகவும் உள்ளுறுப்பு வேறொரு வண்டியுடையதாகவும் இருப்பது வழக்கம். ஜெட்டின் தலையில் எண் இருக்கும். ஆமல் ஜெட்டில் அது ஒரு நிமிடத்தில் எத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் கடந்து செல்லும் என்பதைக் குறிக்கும். ஆனால் வண்டி இழுக்கவில்லை என்று யாரோ ஒரு மெக்கானிக் மெல்லிய கம்பியால் துளையைக் குடைந்து அகலமாக்கியிருந்தால், எண் அப்படியே இருக்க அளவு மட்டும் பொய்யாகிவிடும். இதனால்தான் தேர்ந்தவர்கள் எண்ணை நம்பி நிறுத்திக்கொள்ளாமல், அளவு தெரிந்த ஊசிகளைத் துளையில் நுழைத்துப் பார்க்கிறார்கள். திராட்டிலைத் திருகும்போது மேலேறும் உருளையான ஸ்லைடின் அடியிலும், அதனுடன் தொங்கும் ஊசியின் கழுத்திலும் இதுபோன்ற குறியெண்கள் உண்டு.

உலகச் சந்தையில் இவ்வறிவுக்குக் கிடைக்கும் மரியாதையை, காற்றால் குளிரும் போர்ஷே கார்களைக் கொண்டு அறியலாம். 911 வகைக் காரின் தொடக்க ஆண்டுகளில் பொருத்தப்பட்ட சோலெக்ஸ் கார்புரேட்டர்கள் 1966இல் கைவிடப்பட்டு, இத்தாலியின் வெபர் 40 ஐ.டி.ஏ. அவ்விடத்துக்கு வந்தது, ஆறு சிலிண்டர்களுக்கு மும்மூன்று வாய்களுடைய இரண்டு கார்புரேட்டர்கள், இடமும் வலமுமாக. அவற்றைத் தேடுவோர் வார்ப்பெழுத்தின் கூர்மையையும் முத்திரை எண்ணையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் சோதிக்கிறார்கள்; இணையில் ஒன்று மட்டும் கிடைத்தால் அதற்கு இணையின் பாதி விலைகூடத் தரமாட்டார்கள். ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிளின் இரட்டைக் கார்புரேட்டர்களுக்கும் இதே நீதி பொருந்தும். குவியலில் கிடைத்த ஒன்றோடு நின்றுவிடாமல் அதன் துணையையும் தேடி எடுத்து, இரண்டையும் ஒரே கம்பியில் கட்டி வைக்கும் தொழிலாளர் அந்த ஒரு செயலாலேயே பொருளின் மதிப்பைப் பன்மடங்கு உயர்த்துகிறார்.

பெயர் உறுதியானபின் தேய்மானம் பார்க்கப்படுகிறது. ஸ்லைடை அதன் குழிக்குள் இறக்கிப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா என்பதும், என்ஜினோடு பொருந்தும் முகப்பைத் தட்டையான கண்ணாடியின் மேல் வைத்தால் நடுவில் ஒளி கசிகிறதா என்பதும் முதன்மையான சோதனைகள். அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட துத்தநாக முகப்பு வில்போல் வளைந்துவிடும். வளைந்த இடைவெளி வழியே கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். பெட்ரோல் குறைந்த அந்தக் கலவை என்ஜினின் சூட்டை ஏற்றும். தண்ணீரால் குளிரும் என்ஜின் இக்குறையைச் சிறிது நேரமேனும் பொறுத்துக்கொள்ளும். சூட்டை வாங்கிக்கொள்ள நீர் இல்லாத புல்லட்டிலோ பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும் நிலை விரைவிலேயே நேரலாம். நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்கையில் பின்சக்கரம் இறுகி நிற்பது உயிருக்கே ஆபத்து என்பதால், இந்த மதிப்பீட்டை வெறும் சேகரிப்பாளரின் ஆசையாகக் கருதுவது பிழை. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையைக் காதருகே ஆட்டி உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்று கேட்பதும், வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று நோக்குவதும் இச்சோதனையைச் சேர்ந்தவையே. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்ட இன்று, ஈரத்தை ஈர்க்கும் அதன் தன்மையால் நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியின் கிண்ணத்தில் வெண்பொடி படிந்திருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். அரிப்பு மேலோட்டமானதாயின் கழுவினால் தீரும். நுண்வழிகளுக்குள் இறங்கிவிட்டால் அந்த உடல் உதிரிக்கு மட்டுமே உதவும்.

மணலடித்தும் பளபளப்பாகத் தேய்த்தும் விற்கப்படும் கார்புரேட்டர்களைத் தேர்ந்தவர்கள் ஐயத்தோடு நோக்குவது முற்றிலும் சரியே. பளபளப்பு, வார்ப்பெழுத்தை மழுக்கி அடையாளத்தை அழிக்கிறது. மணல்துகள் நுண்வழிகளில் தங்கிப் பின்னர் ஜெட்டை அடைக்கிறது. அழுக்கோடும் முழுமையான உள்ளுறுப்புகளோடும் திருகுகள் மழுங்காமலும் கிடைக்கும் ஒன்று, மினுக்கிய வெற்றுடலைவிட மேலானது. ஸ்லைடுக் குழி தேய்ந்திருந்தாலும் கடைசல் எந்திரத்தில் குழியைச் சீராக்கி, சற்றுப் பெரிய பித்தளை ஸ்லைடு கடைந்து பொருத்தும் திறனாளர்கள் இருக்கும்வரை அதற்கு மறுவாழ்வு உண்டு.

இத்தனை அறிவும் இன்று சங்கிலியின் கடைக்கோடியில், மீட்டெடுத்து விற்பவரின் மேசையில்தான் விலையாகிறது. தொடக்கத்தில் அமர்ந்து, வெயிலிலும் பெட்ரோல் வாடையிலும் பொருளை முதன்முதலில் கையிலெடுக்கும் தொழிலாளருக்கு, அவருள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோரும் உண்டு, நாள் கூலிக்கு மேல் எதுவும் சேர்வதில்லை. இனங்கண்டவர்க்கு விலையில் ஒரு பங்கு என்ற ஏற்பாடு தரம்பிரிக்கும் களங்களில் வருமானால், உலைக்குப் போகும் நல்ல கார்புரேட்டர்களின் எண்ணிக்கை தானாகவே குறையும். அதைச் செய்ய வேண்டியவர்கள் கள உரிமையாளர்கள். பழைய வண்டியை எடைக்குப் போட எண்ணும் வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: வண்டியைக் கொடுக்கும்முன் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, அதன் பக்கத்தில் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் படித்து, அறிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.