மருதமடுவில் ஓர் இரவு

கவலை மனிதனோடு உடன்பிறந்தது. கற்றவனுக்கு அது குறைவதில்லை. வரப்போகும் துன்பத்தை முன்னரே எண்ணிப்பார்க்கும் ஆற்றல் அவனுக்குக் கூடுதலாதலின், கவலையும் கூடுகின்றது. மாணவர்க்கு மனத்திடம் பற்றிப் பலமுறை போதித்த நாம், சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இவ்வுண்மையை எமது இல்லத்திலேயே கண்டோம். இல்லாளின் உடலிலே தோன்றிய சிறு கட்டியொன்றிலிருந்து தசைத்துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தனர். முடிவு வருவதற்குப் பத்து நாட்கள் ஆகுமென்றனர். இரவுதோறும் இருவரும் ஒருவருக்காக ஒருவர் உறங்குவதுபோற் பாவனை செய்து கிடந்தோம்.

எம்முடன் கற்பிக்கும் கத்தோலிக்க அன்பர் ஒருவர் இதனை அறிந்தார். “மடுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம், சேர். நீங்கள் இருவரும் வாருங்கோ. வீட்டிலிருந்து நாளை எண்ணுவதிலும் அது நல்லது” என்றார். சைவ மரபில் வந்த நாம் சற்றே தயங்கினோம். இல்லாள் தயங்கவில்லை. “அதுவும் அம்மாதானே” என்றாள்.

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வழியிலே, மடுச் சந்தியில் வடபுறம் திரும்பி, ஏறத்தாழ 12 கிலோமீற்றர் காட்டினூடே செல்லல் வேண்டும். பாலையும் வீரையும் இருமருங்கும் நெருங்கி நிற்கின்றன. திடீரெனக் காடு விலகப் பரந்த வெளியும் நெடிதுயர்ந்த கோயில் முகப்பும் தோன்றுகின்றன. மருத மரத்தையும் நீர்மடுவையும் ஒருங்கே நினைவூட்டும் மருதமடு என்னும் பெயர் அவ்விடத்துக்கு எத்துணைப் பொருத்தம்!

இக்காட்டினுள் இப்படியொரு கோயில் எழுந்தது ஏன்? அதன் விடை அச்சத்திலும் ஓட்டத்திலும் தொடங்குகின்றது. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது; குருமார் துரத்தப்பட்டனர். அவ்வேளை, மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சில தமது மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு 1670ஆம் ஆண்டளவில் இக்காட்டிற் புகலடைந்தன என்பது மரபு. மாந்தை என்றதும் சைவர் நெஞ்சில் எழுவது திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலம் போர்த்துக்கேயர் காலத்திலே அழிவுற்றது. அவர்தம் சமயத்தைத் தழுவியோர் பின்னர் ஒல்லாந்தருக்கு அஞ்சி ஓடினர். ஒரே மண்ணிலே இரு சமயத்தாரும் தத்தம் முறைக்கு அழுதிருக்கின்றனர் என எண்ணியபோது, அங்கு அந்நியராக நிற்கும் உணர்வு எம்மைவிட்டு நீங்கியது.

காட்டிலே குடிசையாக இருந்த கோயில் வளர்ந்தது. 1924ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி அன்னையின் சொரூபத்துக்கு முடிசூட்டப்பட்டது. ஆயின் அன்னையின் அலைச்சல் அத்துடன் தீரவில்லை. போர்க் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இவ்வளவிலே தஞ்சம் புகுந்தனர். 1999ஆம் ஆண்டு நவம்பரில் கோயில் வளவிலே எறிகணை வீழ்ந்து, அடைக்கலம் தேடியிருந்தோருள் 30இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் போர் நெருங்கவே சொரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் இங்கு வந்து, போரினால் இழப்புற்ற குடும்பங்களோடு சேர்ந்து செபித்தார்.

நாம் சென்றது பெருவிழாவின் முன்னிரவாகிய 14ஆம் திகதி. மரங்களின் கீழே கூடாரங்கள், கூடாரந்தோறும் அடுப்புகள். ஒருபுறம் தமிழிலும் மறுபுறம் சிங்களத்திலும் செபமாலை ஒலித்தது. எமது கூடாரத்துக்கு அயலிலே மூதாட்டி ஒருவர் தனியே அமர்ந்திருந்தார். தாமாகவே இல்லாளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவருடைய மகன் 2009ஆம் ஆண்டிலே காணாமற் போனவன் என்பதைச் சிறிது நேரத்தில் அறிந்தோம்.

“இங்கு வந்தால் கவலை தீருமோ, அம்மா?” என்று நாம் வினவினோம்.

“தீருமெண்டு சொல்லமாட்டன், தம்பி” என்றார் அவர். “வருசம் முழுக்கச் சுமக்கிறதை இஞ்சை ஒரு ராவைக்கு இறக்கி வைக்கிறன். விடிய ஏத்திக்கொண்டுதான் போகவேணும். ஆனால் இறக்கி வைச்சுத் தூக்கினால் ஒரு பெலன் வரும். மாதாவும் என்னைப்போலை ஊர்விட்டு ஊர் ஓடினவதானே. பிள்ளையைத் தேடித் திரிஞ்சவ. அவவுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.”

பிறகு இல்லாளைப் பார்த்து, “நீ படு, பிள்ளை. நான் முழிச்சிருப்பன்” என்றார்.

இல்லாள் பாயிலே சாய்ந்தாள். சிறிது பொழுதில் அவளுடைய மூச்சு நிதானமாக வருவது கேட்டது. இம்முறை பாவனையன்று, உண்மை உறக்கம். பல இரவுகளின் பின்னர் அதனைக் கேட்ட எமக்குக் கண்கள் கலங்கின.

விடியலிலே பறவைகள் ஒலிக்க, அன்பர் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தை நினைவூட்டினார். வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் காட்டி, நாளையைப் பற்றிக் கவலைகொள்ளாதிருக்க இயேசுபிரான் போதிக்கும் பகுதி அது. “பறவைக்கு வைத்திய அறிக்கை வருவதில்லையே” என்றோம் நாம், சற்றுக் கசப்புடன். அன்பர் நகைக்கவில்லை. “துன்பம் வராது என்று அவர் சொல்லவில்லை, சேர். ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் பாடு உண்டென்று அவரும் ஒப்புக்கொள்கிறார். நாளைய பாட்டையும் இன்றே சேர்த்துச் சுமக்காதே என்கிறார்; அவ்வளவுதான்.”

எமக்கு வள்ளுவர் நினைவு வந்தது. இறைவன் தாளைச் சேராதார்க்கு மனக்கவலையை மாற்றுதல் அரிதெனக் கடவுள் வாழ்த்திலேயே கூறியவர் அவர். அதனைப் பல்லாண்டுகள் பொருள்விரித்துப் படிப்பித்திருக்கிறோம். ஆனால் அதன் பொருளை எமக்குக் காட்டியவர், கையிலே செபமாலையோடு மரத்தடியில் விழித்திருந்த கத்தோலிக்கத் தாய் ஒருவரே.

பெருவிழாத் திருப்பலி முடிந்ததும் பலரும் செய்வதுபோல இல்லாளும் மடு மண்ணிற் சிறிது எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். விடைபெறச் சென்றபோது மூதாட்டி தம் பாத்திரங்களைக் கழுவிச் சாக்கிலே கட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலே பேரப்பிள்ளைக்குச் சமைக்கவேண்டும் என்றார்.

குறித்த நாளில் அறிக்கை வந்தது. நாம் அஞ்சியதே அதில் இருந்தது. ஆயின் நோய் தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டதாக வைத்தியர் கூறினார். சத்திரசிகிச்சை நடந்தது, மருந்து தொடர்கின்றது. கவலை எம் இல்லத்தைவிட்டு அகன்றுவிட்டதென்று எழுதினால் அது பொய்யாகும். இரவு வந்ததும், “இண்டையான் பாடு முடிஞ்சுது, இனிப் படுங்கோ” என்று சொல்லி இல்லாள் விளக்கை அணைக்கிறாள். இருவரும் உறங்குகின்றோம்.