யாலவுக்குப் போகும் குடும்பங்கள் எங்கே தங்குவது?

பாடசாலை விடுமுறை நெருங்கிவிட்டால் இரத்மலானை முதல் வெள்ளவத்தை வரை எமது வீடுகளில் இதே பேச்சுத்தான்: யாலவுக்குப் போக வேண்டும், சிறுத்தை பார்க்க வேண்டும். வான் பேசப்படும், வாடகை பங்கிடப்படும், நாளும் குறிக்கப்படும். தங்குமிடத்தை மட்டும் ஆண்கள் கடைசி நேரத்தில் விலையை மட்டும் கேட்டு முடிவு செய்துவிடுவார்கள். சமைக்கப் போகிற சகோதரியிடமோ, கைக்குழந்தையைச் சுமக்கப் போகிற தாயிடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிள்ளைகள் யானையைக் கண்ட கதையைச் சொல்ல, உம்மாவோ விடுதிக் குசினியை மட்டும் கண்டு திரும்புகிறார். வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவிய நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இது அழகல்ல.

யால 1900ஆம் ஆண்டு சரணாலயமாகவும், 1938இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 979 சதுர கிலோமீற்றர் பரப்பு. அது ஐந்து பிரிவுகளாக உள்ளது. சிறுத்தைகள் அதிகம் வாழும் முதலாம் பிரிவுக்கே பெரும்பாலானோர் செல்கின்றனர். கதிர்காமம் செல்லும் 32ஆம் இலக்க பஸ் காலி வீதியில் எமது ஊரைக் கடந்துதான் போகிறது. தெற்கு அதிவேகப் பாதை 2020இல் அம்பாந்தோட்டை வரை நீண்டபின் வாகனத்தில் செல்வோருக்குப் பயணம் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

தங்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, காட்டுக்குள்ளேயே இருக்கும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பங்களாக்கள். இவற்றைத் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அரிசி, மரக்கறி, இறைச்சி எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். அங்குள்ள பராமரிப்பாளர் சமைத்துத் தருவார். ஹலாலான இறைச்சி நம் கையாலேயே போகிறது. சட்டி பானையையும் வீட்டிலிருந்து கொண்டுபோனால் பேணுதலுக்கும் குறைவிராது. பெண்களுக்கும் ஓய்வு கிடைக்கும். வேறு குடும்பத்தார் இல்லாததால் பர்தாவுக்கும் இடைஞ்சலில்லை. ஆனால் மின்சார வசதியை நம்பிப் போக முடியாது. இருட்டியபின் முற்றத்தில் இறங்கவும் கூடாது. யானை வாசல் வரை வரும். நோயாளிகளும் பச்சிளங் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு இது பொருந்தாது.

இரண்டாவது, பலட்டுப்பான வாயிலை அண்டிய பகுதியும் கிரிந்தையும். வாயிலருகே உயர்தர ஹோட்டல்கள் உள்ளன, விலை அதிகம். மதுபானம் பரிமாறும் இடமா, ஹலால் உணவு தனியாகச் சமைக்கப்படுகிறதா என்று முன்பே கேட்டறிய வேண்டும். கிரிந்தையோ மலாய் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் கடற்கரைக் கிராமம். அங்கே பிள்ளைகளும் வீட்டில் மலாய் பேசுவதைக் கேட்கலாம். பள்ளிவாசல் உள்ள ஊரில் தங்கும் மனநிறைவு வேறு.

மூன்றாவது, திஸ்ஸமஹாராம நகரம். மலிவான விடுதிகள் நிறைய உண்டு. கடை, மருந்தகம், அரசாங்க வைத்தியசாலை எல்லாம் அருகில். வயதான மூத்தும்மாவும் சிறு குழந்தைகளும் வருவார்களானால் இதுவே நல்லது. பலட்டுப்பான வாயில் அங்கிருந்து சுமார் 20 கிலோமீற்றர். வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். அந்நேரம் அங்கே நிற்க வேண்டுமானால் 5 மணியளவில் ஜீப்பில் ஏற வேண்டும். கதிர்காமத்தில் தங்குவோருக்குக் கட்டகமுவ வாயில் கிட்ட இருக்கும்.

தொழுகையையும் இதனோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். திஸ்ஸவில் தங்கினால் ஸுபஹுத் தொழுகையை விடுதியிலேயே முடித்துப் புறப்பட வேண்டும். அதற்கு வுழூ செய்ய வசதியான, அறையோடு சேர்ந்த குளியலறை அவசியம். பத்துப் பெண்களுக்கு ஒரு குளியலறை என்றால் யாருக்காவது வக்து தப்பிவிடும். பகல் ஜீப் இரண்டரை மணியளவில் புறப்படும். அஸருடைய நேரமோ காட்டுக்குள் வரும். நாம் முஸாபிர்கள். எமது ஷாஃபிஈ மத்ஹபின்படி லுஹரையும் அஸரையும் லுஹருடைய நேரத்தில் சேர்த்துச் சுருக்கித் தொழுதுவிட்டுப் போகலாம். மாலை 6 மணிக்குள் வாயிலை விட்டு வெளியேற வேண்டும். மஃரிபை அறைக்குத் திரும்பித் தொழலாம்.

காலமும் பார்த்துப் போங்கள். செப்டெம்பர் முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரை வரட்சியால் முதலாம் பிரிவு வழமையாக மூடப்படும். ஜூன், ஜூலையில் பாலைப்பழம் தின்னக் கரடிகள் வரும். பட்டணங்கலக் கடற்கரையில் ஜீப்பை விட்டு இறங்க அனுமதிப்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அங்கிருந்த பங்களாவை அடித்துச் சென்றது. அத்திவாரமும் மரணித்தோரின் நினைவுச் சின்னமும் இன்றும் உள்ளன. பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்ல வேண்டிய இடம் அது.

ஆகவே சகோதரர்களே, முற்பணம் கொடுக்குமுன் வீட்டுப் பெண்களை உட்கார வைத்துக் கேளுங்கள்: யார் சமைப்பது? எத்தனை குளியலறை? இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவது? ஜீப்பில் எல்லாருக்கும் இடமுண்டா? இடம் போதாவிட்டால் உம்மாவை விட்டுச் செல்லாதீர்கள். இரண்டாவது ஜீப் ஒன்றைப் பேசுங்கள். அதற்குப் பணம் போதாதென்றால் ஓர் இரவைக் குறைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் சமைக்க ஆளில்லாவிட்டால் சாப்பாட்டைப் பார்சலாக எடுங்கள். இல்லையேல் ஆண்கள் அடுப்பை மூட்டுங்கள்.

சகோதரிகளே, நீங்களும் கேட்கும்வரை காத்திராமல் உங்கள் தேவையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கித் தருவானாக.