பத்துமலைக்கு மேற்கே ஒரு பள்ளத்தாக்கு

தைப்பூசத்துக்கு நம் தோட்டத்து மக்கள் பத்துமலைக்குப் போவது புதிதல்ல. லோரி பிடித்துப் போன காலம் ஒன்று. 2010 முதல் கொம்யூட்டர் ரயிலே அடிவாரம் வரை வந்துவிட்டது. 272 படிகளையும் ஏறி இறங்கி, பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்ததும் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை அரை நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு வாருங்கள். சிலாயாங்கைத் தாண்டி மேற்கே போனால் சுங்கை பூலோ. அங்கே வரிசையாகப் பூச்செடி விற்பார்கள். ரோஜாத் தொட்டி வாங்கப் போகிறவர்களில் பலருக்கு அந்த மண்ணின் கதை தெரியாது.

1930இல் திறக்கப்பட்ட பெருநோயாளர் குடியிருப்பு அது. நோய் கண்டவரைப் பிரித்துவைக்க 1926இல் சட்டமே இருந்தது. டாக்டர் டிராவர்ஸ் என்பவர், அடைத்துப் போடும் கொட்டடி வேண்டாம், ஊர் போல ஓர் இடம் வேண்டும் என்று வாதாடினார். சிறு சிறு வீடுகள், பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் எழுந்தன. அதற்குள் மட்டும் செல்லும் பணமும் இருந்தது. ஊர்தான், ஆனால் நினைத்தபோது வெளியே போக முடியாத ஊர்.

மருந்து? நம் சித்த வைத்தியர்கள் அறிந்த நீரடிமுத்து இனத்து எண்ணெயை ஊசியில் ஏற்றினார்கள். வலி பிராணனை வாங்கும். சல்போன் மாத்திரை வந்தது 1940களின் கடைசியில்தான்.

இத்தனை பேரைக் கவனிக்கத் தாதியர் போதவில்லை. இந்த நோய் என்றாலே ஒதுங்கி ஓடிய காலம். ஹவாய்த் தீவுக்கு ஆள் கேட்டு 1883இல் கடிதம் போனபோது ஐம்பதுக்கு மேற்பட்ட கன்னியர் மடங்கள் மறுத்தனவாம். ஒப்புக்கொண்டு ஆறு சகோதரிகளுடன் கப்பலேறியவர் மேரியான் கோப். 1918இல் சாகும்வரை அங்கேயே இருந்தார்; நோய் அவரைத் தொடவே இல்லை. சுங்கை பூலோவில் வேறு வழி கண்டார்கள். நோயாளிகளிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, புண் கட்டவும் ஊசி போடவும் வைத்தார்கள். மடத்திலிருந்து வந்த சேவகியைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. தன் விரல் மரத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் காலைக் கழுவிய இந்த மனிதர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. எனக்கு அவர்களே பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

காலைக் கழுவுவது என்றேனே, அந்த வேலையின் சாரமே அதுதான். விரல் தானாக உதிர்வதில்லை. கிருமி நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரிவதில்லை, முள் குத்தினாலும் சுடுகலம் பட்டாலும் தெரியாமல் புண் பெருகுகிறது. வேலூரில் 1946 முதல் பணி செய்த டாக்டர் பால் பிராண்ட், இரவில் விரலை எலி கடித்தும் விழிக்காத நோயாளிகளைப் பார்த்து, அவர்களைப் பூனை வளர்க்கச் சொன்னார். புண்ணைத் தடுக்க அங்கே செய்த செருப்பு என்ன தெரியுமா? மென்மையான ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பு. பால் வெட்டுகிற நாம் இதை அறிந்துகொள்ள வேண்டாமா?

ஒரே மாத்திரைக்குக் கிருமி அடங்காமல் போகும் என்பதை 1964இல் உலகுக்கு முதலில் நிரூபித்த இடமும் சுங்கை பூலோதான். 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இன்று இது குணமாகும் நோய். உணர்ச்சியில்லாத வெளிர்ந்த தேமல் தோலில் கண்டால் மறைக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை. குடியிருப்பில் பிறந்த குழந்தையைத் தாயிடம் விடவில்லை. குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு உறவினரிடம் கொடுத்தார்கள், இல்லையேல் தத்து. நோய் தொற்றக்கூடாதென்ற நல்லெண்ணம்தான். ஆயினும், புண்ணைக் கட்டியது போலவே குழந்தையைத் தூக்கிச் சென்றதும் ஒரு தாதியின் கைதானே!

குடியிருப்பின் கிழக்குப் பகுதி 2007இல் இடிக்கப்பட்டு, பல்கலைக்கழக மருத்துவ வளாகம் எழுந்தது. மற்ற பகுதியில் பழைய வீடுகளையும், நோய் நீங்கியும் அங்கேயே தங்கிவிட்ட முதியவர்களையும் காணலாம். வணக்கம் சொன்னால் மகிழ்வார்கள். அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள். தத்துப் போன பிள்ளைகள், இப்போது அவர்களே தலை நரைத்தவர்கள், பெற்றவர்களைத் தேடி இங்கே வருகிறார்கள். சிலருக்குத் தாய் கிடைக்கிறாள். சிலருக்குக் கல்லறையில் ஒரு பெயர் கிடைக்கிறது.